பெட்டியை அப்புறம் வாங்கலாம்

பிள்ளைகளின் பொம்மையையும் உடுப்பையும் குறைக்கப் போய், நவம்பர் பள்ளி விடுமுறையில் மூன்று வார இறுதியும் 186 வெள்ளியும் போன பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. யாராவது முன்பே சொல்லியிருந்தால் இரண்டிலும் பாதியாவது மிஞ்சியிருக்கும். மகளுக்கு 6 வயது, ஜனவரியில் தொடக்கநிலை 1. மகனுக்கு 3. சிங்கப்பூரில் நாலறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு. பிள்ளைகள் அறையில் தரை தெரியவில்லை, அலமாரிக் கதவு சாத்தவில்லை. நான் முதலில் செய்த காரியம் ஒன்பது பெரிய மூடிப் பெட்டியும், பெயர் அச்சிடும் சின்ன இயந்திரமும் வாங்கியது. தரையில் கிடந்ததெல்லாம் பெட்டிக்குள் போனது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு பொருளும் வீட்டைவிட்டுப் போகவில்லை. அடுத்த வார இறுதியில் ஆறு பையில் "கொடுப்பதற்கு" என்று கட்டி, காலணி அலமாரிக்குப் பக்கத்தில் வெளியே வைத்தேன். பொது நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. எனவே பைகள் மறுபடி வரவேற்பறைக்கே வந்தன. வந்த வேகத்தில் மகன் நான்கைப் பிரித்துவிட்டான். மூன்றாவது வார இறுதியில் நான் கத்தினேன், மகள் அழுதாள், மகனும் அவளைப் பார்த்து அழுதான். அன்று இரவு மகனின் பொம்மை ஒலிபெருக்கியை ஒளித்துக் குப்பையில் போட்டதை இன்னும் நினைத்தால் எனக்குச் சங்கடம்தான்.

நான் தலைகீழாகச் செய்தேன். முதலில் தேட வேண்டியது பெட்டியை அல்ல, பொருள் வெளியே போகும் வழியை. எது எங்கே, எந்தக் கிழமை போகும் என்பது முடிவாகாமல் ஒரு பொம்மையைக்கூடத் தரையில் கொட்டாதீர்கள். பிரித்த பை வீட்டில் ஓர் இரவு தங்கினால் பிள்ளை பார்க்கும். பார்த்தால், ஆறு மாதம் தொடாத பொருள்கூட உலகத்திலேயே மிக வேண்டிய பொருளாகிவிடும்.

சிங்கப்பூரில் அந்த வழிகள் இவை. நல்ல நிலையில் உள்ள துணி, புத்தகம், முழுமையான பொம்மைக்குச் சால்வேஷன் ஆர்மி, மைண்ட்ஸ் கடைகள், வாட்டர்லூ ஸ்திரீட்டில் உள்ள நியூ டூ யூ போன்ற நன்கொடைக் கடைகள். போகும் முன் அவர்கள் இணையப் பக்கத்தில் வாங்கும் நாள், நேரம், வாங்காத பொருள் மூன்றையும் பாருங்கள். பஞ்சு பொம்மையும் குழந்தைக் கார் இருக்கையும் பல இடங்களில் திரும்பி வரும் பொருட்கள். கடை சாத்திய பிறகு வாசலில் வைத்துவிட்டு வருவது தானமல்ல. ஒரு மழை போதும், அவர்கள் அதைக் குப்பையாக அள்ள வேண்டியிருக்கும். பாடப்புத்தகம் இருந்தால் ஃபேர்பிரைஸ் 1983 முதல் நடத்திவரும் பாடநூல் பகிர்வுத் திட்டம் இருக்கிறது. கட்டில், அலமாரி, பெரிய விளையாட்டு வீடு போன்றவற்றுக்கு நகர மன்றத்தின் பெரும்பொருள் அகற்றும் சேவை. பேட்டைக்குப் பேட்டை வரம்பும் காத்திருப்பு நாளும் மாறும், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் ஊரே கூப்பிடும். எனவே முதலில் முன்பதிவு, பிறகு பிரிப்பு. குப்பைக் குழாயில் பெரிய பொம்மையைத் திணிக்காதீர்கள். நடுவில் மாட்டினால் மொத்தப் புளோக்குக்கும் தொல்லை. நீல மறுசுழற்சித் தொட்டியில் அட்டைப்பெட்டி போடலாம், பஞ்சு பொம்மையும் காலணியும் பள்ளிப்பையும் போடக்கூடாது.

விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. காரோசெல் எனும் இணையச் சந்தையில் போட்டுப் பணம் பார்க்கலாம் என்ற ஆசைதான் என் வீட்டில் இரண்டு மாதம் பொருளைத் தேக்கி வைத்தது. லெகோ, டூப்லோ, மர ரயில் பாதை, மூன்று சக்கர சைக்கிள் இவை போகும். விளக்கு எரிந்து பாட்டுப் பாடும் பிளாஸ்டிக் பொம்மை போகாது. 10 வெள்ளிக்குக் குறைவான எதற்கும் படம் எடுத்து, பத்துப் பேருக்குப் பதில் எழுதி, எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் காத்திருப்பது கூலிக்குக் கட்டாது. அதையெல்லாம் ஒரே பையாக்கி "பிளெஸ்ஸிங்" என்று இலவசமாகப் போட்டால் பெரும்பாலும் அன்றே ஆள் வரும். வருகிறேன் என்று வராமல் போகிறவர்களும் உண்டு, ஆகவே கெடு வையுங்கள். விற்பனைக்கு 14 நாள், இலவசத்துக்கு 3 நாள். அதற்குள் போகாவிட்டால் அடுத்த வழி.

இன்னொரு பை எல்லாத் தமிழ் வீட்டிலும் இருக்கும்: ஊர்ப் பை. "நல்லாத்தானேம்மா இருக்கு, ஊருக்குப் போறப்போ எடுத்துட்டுப் போலாம்" என்று அத்தை சொன்னால் யார் மறுப்பது? என் வீட்டில் அப்படி ஒரு பை இரண்டு ஆண்டு கட்டிலடியில் இருந்தது. திறந்தபோது அதில் இருந்த சட்டைகள் ஊரில் இருக்கும் பிள்ளைக்கும் சின்னதாகியிருந்தன. இப்போது எங்கள் விதி: விமான டிக்கெட் தேதி எழுதிய ஊர்ப் பைக்கு மட்டுமே இடம். டிக்கெட் இல்லையென்றால் பையும் இல்லை. ஒரு பை, 5 கிலோ, வீட்டு எடைக்கருவியில் நிறுத்து. அத்தைக்கும் இது பிடித்துப்போனது, ஏனென்றால் எதை அனுப்புவது என்பதை அவர்தான் தேர்ந்தெடுக்கிறார்.

வழி முடிவானதும் ஓர் இரவு, பிள்ளைகள் தூங்கிய பின், பெரியவர்கள் மட்டும் 40 நிமிடம். உடைந்தது, காய்ந்த மார்க்கர், பாதி துண்டு தொலைந்த புதிர், பிசுபிசுத்துப்போன ஸ்லைம், கூர்மையான விளிம்பு. இவற்றைப் பிள்ளையிடம் கேட்க வேண்டியதில்லை. பேர் வைத்த எதையும், படுக்கையில் கூடப் படுக்கும் எதையும் ஒளித்து எடுக்காதீர்கள், அது எத்தனை அழுக்காக இருந்தாலும் சரி. பிள்ளை அதைத் தேடும். இல்லையென்று தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் காவல் காக்கத் தொடங்கும். அந்த ஒலிபெருக்கிக்குப் பிறகு என் மகன் மூன்று வாரம் தினமும் காலையில் தன் கார்களை எண்ணினான். அவனுக்கு எண்ணத் தெரிந்தது பத்துவரைதான்.

அதே இரவில் மின்கலம் உள்ள பொம்மைகளையும் பார்த்துவிடுங்கள். மின்கல மூடியின் திருகு மிகச் சிறியது, சமையலறை இழுப்பறையில் கிடக்கும் பெரிய திருப்புளி அதன் தலையை மழித்துவிடும். கண்ணாடிச் சட்டத்துக்குப் பயன்படுத்துவதைவிட ஒரு படி பெரிய கூட்டல் குறித் திருப்புளி தேவை. உள்ளே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் மின்கலம் கசிந்திருக்கிறது. கையுறை போட்டு மின்கலத்தை எடுத்துவிட்டு, பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, உலரவிட்டால் பாதிப் பொம்மைகள் மறுபடி பாடும், வேண்டுமோ வேண்டாமோ. பொத்தான் வடிவ மின்கலம்தான் ஆபத்து. பிள்ளை விழுங்கினால் உணவுக்குழாயில் மாட்டி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைப் பொசுக்கத் தொடங்கும், உடனே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய விஷயம். எடுத்தவற்றின் இருபுறமும் செலோடேப் ஒட்டி, கடைத்தொகுதிகளில் உள்ள மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். மூடித் திருகு தொலைந்த பொம்மையை யாருக்கும் கொடுக்காதீர்கள். மூத்த பிள்ளையின் சின்னப் பொருட்களைச் சோதிக்கக் கழிவறைத்தாள் உருளையின் அட்டைக் குழாய் போதும். பொம்மைப் பாதுகாப்புச் சோதனைக் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அட்டைக் குழாய் அதைவிடச் சற்று அகலம். அதற்குள் நுழைவது எதுவும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை கைக்கு எட்டக்கூடாது.

இனிமேல்தான் பிள்ளைகள். காலைப் பசியாறிவிட்டு ஒன்பதரைக்குத் தொடங்குங்கள். மூன்று வயதுக்கு 15 நிமிடம், ஆறு வயதுக்கு அரை மணி. அதற்குமேல் ஒரு நிமிடம் நீட்டினாலும் எல்லாவற்றுக்கும் "வேணும்" என்ற ஒரே பதில்தான். ஒரு நாளுக்கு ஒரே வகை: இன்று கார், நாளை சமையல் சாமான், மறுநாள் கட்டைகள். பழைய போர்வையை விரித்து வீட்டில் உள்ள எல்லாக் கார்களையும் அதன்மேல் கொட்டுங்கள். சோபா அடியில் கிடப்பதும், தாத்தா வீட்டுப் பையில் இருப்பதும் வர வேண்டும். குவியலைப் பார்த்தால்தான் பிள்ளைக்கே வியப்பு வரும். நேரம் முடிந்தால் நான்கு முனையையும் பிடித்துத் தூக்கிவிடலாம், பொறுக்க வேண்டியதில்லை.

கேள்வியை மாற்றியதுதான் என் வீட்டில் எல்லாவற்றையும் மாற்றியது. "இது வேணுமா?" என்று கேட்டால் பிள்ளை இழப்பதைப் பற்றி யோசிக்கிறது. ஒரு காலணிப் பெட்டியைக் காட்டி, "இந்த கார் பார்க்ல பன்னெண்டு வண்டிதான் நிக்கும், எந்தப் பன்னெண்டு நிக்கட்டும்?" என்றால் தேர்ந்தெடுப்பதைப் பற்றி யோசிக்கிறது. வீட்டுக்குக் கீழே கார் நிறுத்துமிடம் நிறைந்தால் என்ன ஆகும் என்பது சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என் மகன் பதினான்கை நெருக்கி நிறுத்தினான், விட்டுவிட்டேன். குவியலில் மொத்தம் 41 இருந்தன. பன்னிரண்டு என்பதே புரியாத சின்னப் பிள்ளைக்கு இரண்டை மட்டும் இரு கையில் காட்டுங்கள், "எது தங்கணும்?" "தூக்கிப் போடலாம்" என்ற சொல்லை வீட்டில் தடைசெய்யுங்கள். "ஏழாம் மாடித் தம்பிக்கு" என்று உண்மையான பிள்ளையின் பெயர் சொன்னால் கை தானாக நீளும். ஆனால் சொன்னபடியே அந்தத் தம்பிக்குப் போய்ச் சேர வேண்டும், பிள்ளையே கொண்டுபோய்க் கொடுத்தால் இன்னும் நல்லது. ஒரு பிள்ளையின் பொம்மையைப் பற்றி மற்றப் பிள்ளை கருத்துச் சொல்ல அனுமதிக்காதீர்கள். மகள் மிகத் தாராளமாக, தம்பியின் பொருட்களை எல்லாம் தானம் செய்தாள்.

முடிவு எடுக்க முடியாததற்குத் தூங்கும் பெட்டி. ஒளி புகாத பெட்டி, மேலே தேதி எழுதிய காகித நாடா, அலமாரி உச்சி. பிள்ளையிடம் மறைக்காமல், "தூங்கட்டும், நீ கேட்டா எழுப்பறேன்" என்று சொல்லிவிடுங்கள். ஆறு வாரத்தில் பெயர் சொல்லிக் கேட்டது திரும்பும், கேட்காதது அப்படியே மூடிய பெட்டியாக வெளியே போகும். திறந்து கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று நினைத்தீர்களோ, போச்சு. எண்ணிக்கை குறைந்தால் பிள்ளை சலித்துப்போகுமே என்று எனக்கும் பயம் இருந்தது. அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2018-இல் வெளியிட்டார்கள். ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளுக்கு ஒருமுறை 4 பொம்மையும் இன்னொரு முறை 16 பொம்மையும் கொடுத்தபோது, நான்கு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடின. சிறிய ஆய்வுதான். ஆனால் 14 காருடன் என் மகன் பாலம் கட்டுகிறான், 41 காருடன் கொட்டியதோடு சரி.

பஞ்சு பொம்மைகள் தனிக் கதை. வைத்துக்கொள்வதோ கொடுப்பதோ, முதலில் துவைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தூசுச் சிற்றுண்ணி 60 பாகை வெந்நீரில் சாகும், ஆனால் பாதிப் பொம்மைகள் அந்தச் சூட்டைத் தாங்காது. அவற்றை ஜிப் பையில் போட்டு உறைபெட்டியில் ஒரு முழு நாள் வையுங்கள். அது சிற்றுண்ணியைக் கொல்லும், ஒவ்வாமை தரும் கழிவை நீக்காது, ஆகவே பிறகு குளிர்ந்த நீரில் துவைக்கத்தான் வேண்டும். தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டித் துவைத்தால் கண்ணும் மூக்கும் பிழைக்கும். இங்குள்ள ஈரப்பதத்தில் மேல்துணி ஒரு மதியத்தில் காய்ந்துவிடும், உள்பஞ்சுக்கு இரண்டு நாள் ஆகும். மூங்கில் கழியில் காய்ந்ததை நடுவில் அழுத்திப் பாருங்கள், குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம். அப்படியே பெட்டியில் வைத்தால் ஒரு வாரத்தில் வாடை அடிக்கும், அப்புறம் யாருக்கும் கொடுக்கவும் முடியாது.

உடுப்புக்கு வருவோம். இங்கே பிள்ளையைப் போட்டுப் பார்க்கச் சொல்லித்தான் எல்லாரும் தோற்கிறோம். ஐந்தாவது சட்டையில் அழுகை. நன்றாகப் பொருந்தும் ஒரு காற்சட்டை, ஒரு சட்டை இரண்டை மட்டும் எடுத்துத் தரையில் விரித்து, மற்றதை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துப் பாருங்கள். சிறியது ஒருபக்கம், பெரியது ஒருபக்கம். 60 உருப்படிக்கு 20 நிமிடம் போதும். பிள்ளைக்குச் சரியான அளவில் நிற்பவற்றை மட்டும் காட்டி, குத்துவது, கழுத்து இறுக்குவது எது என்று கேளுங்கள். அதில் அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். சீட்டில் உள்ள வயதை நம்ப வேண்டாம், சென்டிமீட்டரைப் பாருங்கள். ஐரோப்பிய உடுப்புகள் 98, 104, 110, 116 என்று ஆறு ஆறாக ஏறும். ஜப்பானியவை 100, 110, 120 என்று பத்துப் பத்தாக. இந்த வயதில் பிள்ளை ஆண்டுக்குச் சுமார் 6 சென்டிமீட்டர் வளரும். ஆகவே முன்னது ஓராண்டு வரும், பின்னது ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஓடும். அடுத்த அளவைத் தள்ளுபடியில் முன்கூட்டி வாங்குவதென்றால் ஓர் அளவு மட்டும். நான் இரண்டு அளவு தாண்டி வாங்கி வைத்த மூன்று உடுப்புகள், 58 வெள்ளி, விலைச்சீட்டோடு அப்படியே போயின. மகள் அதற்குள் ரோஜா நிறத்தை வெறுத்துவிட்டாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை துவைக்கும் வீட்டில் எட்டு வீட்டு உடுப்பு, பாலர் பள்ளியில் விட்டுவைக்க இரண்டு, வெளியே போக ஐந்து, இவை தாராளம்.

தீபாவளிப் பட்டுப் பாவாடையை மட்டும் அவசரத்தில் கொடுத்துவிடாதீர்கள். விளிம்பில் உள்மடிப்பு விட்டுத் தைத்திருந்தால் பிரித்து இன்னோர் ஆண்டு ஓட்டலாம், லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தையல்காரர் அதைச் செய்து தருவார். வைப்பதென்றால் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். காற்றை உறிஞ்சும் பிளாஸ்டிக் பையில் பட்டுத் துணியை வைத்தால் மடிப்பில் இழை முறியும், சரிகை கறுக்கும். பாச்சா உருண்டை வேண்டவே வேண்டாம். ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே ஒரு நொதி குறைவு) உள்ள பிள்ளைக்கு அதன் நெடியே சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சோதனை செய்திருப்பார்கள், சுகாதாரக் கையேட்டில் பாருங்கள். ஈரத்தை இழுக்க, கால்சியம் குளோரைடு உள்ள தர்ஸ்டி ஹிப்போ போன்ற டப்பா போதும். தண்ணீர் நிறைந்ததும் மாற்ற வேண்டும், சிந்தாமல், பிள்ளைக்கு எட்டாமல். போர்க்காலப் பாதுகாப்புக்கென வீட்டுக்குள்ளேயே கட்டிய புகலிட அறையில் துணியை அடைத்து இரும்புக் கதவைச் சாத்திவிட்டால் பூஞ்சணம் நிச்சயம். அங்கே தூங்கும் பெட்டி வைக்கலாம், துணி வேண்டாம்.

எல்லாம் போன பிறகு, மிஞ்சியதை அளந்துவிட்டு, பெட்டி. மூடி வேண்டாம், மூடி இருந்தால் பிள்ளை திறக்கும், மூடாது. ஆழமும் வேண்டாம். ஆழமான பெட்டியில் வேண்டியது அடியில் இருக்கும், எனவே பிள்ளை மொத்தத்தையும் கொட்டும். நம் வீட்டுத் தரை நிறைவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஐகியாவின் டுரொஃபாஸ்ட் பெட்டிகள் 42க்கு 30 சென்டிமீட்டர், உயரத்தில் 10, 23, 36 என்று மூன்று வகை. லெகோவுக்கும் காருக்கும் 10, கட்டைக்கு 23. 36 எங்களுக்கு உதவவில்லை. முன்னால் எழுத்துக்குப் பதில் அந்தப் பொருளின் படம், பிள்ளையே எடுத்த படம். துணிக் கம்பி தரையிலிருந்து 90 சென்டிமீட்டரில் இருந்தால் மூன்று வயதுப் பிள்ளை தானே எடுத்து மாட்டும், தலைகீழாகவாவது. இழுப்பறை அலமாரியைச் சுவரோடு திருகி விடுங்கள். பிள்ளைக்கு இழுப்பறைகள் படிக்கட்டு மாதிரி.

வருவதை அடைக்காவிட்டால் இத்தனையும் மூன்று மாதம்தான். பாலர் பள்ளி வகுப்பில் 18 பிள்ளைகள் என்றால் ஆண்டுக்குப் பிறந்தநாள் பை 17. பையை அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் கொட்டுங்கள். தின்பது தனியாக, பென்சில் ரப்பர் பள்ளிப்பைக்கு, மீதியில் பிள்ளை விரும்பும் ஒன்று, மற்றது அப்போதே போகும் பையில். பொங்கலுக்கு முந்தைய நாள் போகியை நாங்கள் அடுத்த சுற்றுக்கான நாளாக வைத்திருக்கிறோம். கொளுத்துவதற்கு இங்கே வழியில்லை, ஆனால் பிள்ளைகளுக்கு நாள் நினைவிருக்கிறது.

இரண்டாம் முறை எல்லாம் சேர்த்து ஏழரை மணி நேரம் ஆனது, பதினோரு நாளில் பிரித்துப் பிரித்து. முதலில் வாங்கிய ஒன்பது பெட்டியில் ஐந்து காலியாக மிஞ்சின. 35 வெள்ளிக்கு விற்றேன். கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு லிஃப்ட் வாசலில் நின்ற பெண், பொம்மையெல்லாம் போட்டு வைக்கத்தான் என்றார். லிஃப்ட் வந்துவிட்டது.